எனக்குச் சாமி வந்த கதை

எங்கள் கோயிலில் எனக்குச் சாமி வரும். ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், சந்தைக்குப் போகிற வழியில் இருக்கிற சின்ன அம்மன் கோயில் அது. ஆடித் திருவிழாவில் உறுமி மேளம் உச்சத்துக்குப் போய், பூசாரி கற்பூரத் தட்டைத் தூக்கும்போது, பெண்கள் பக்கத்தில் வட்டமாக ஓர் இடம் தானாகக் காலியாகும். அது நான் விழுவதற்கான இடம். விழுந்த பிறகு என் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், கையில் வேப்பிலை கொடுப்பார்கள், பல்லுக்கிடையில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். மற்ற நாள்களில் லிப்டில் பார்த்தால் தலையைக்கூட ஆட்டாதவர்கள் அன்றைக்கு என் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

சாமி வரும் என்று எழுதிவிட்டேன். வரும் என்று மற்றவர்கள் நம்பினார்கள் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். பழகிப்போன கை, முதலில் பொய்யைத்தான் எழுதுகிறது.

மற்றவர்களுக்கு வரும் அருளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வந்ததைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

முதல் தடவை நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாமியாருக்கு என்னைப் பிடிக்கவில்லை. கெட்டவர் இல்லை, ஆனால் வாய்க்கு வேலி கிடையாது. நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கு" என்று சொல்லக்கூடியவர். அந்த ஆடி மாதம் என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் நெருக்கி நெருக்கி, பெரிய வெண்கல மணிக்கு நேர்கீழே போய் நின்றிருக்கிறேன், அது எனக்குத் தெரியவில்லை. யாரோ மணிக்கயிற்றை இழுத்தார்கள். அதே நொடியில் உறுமியும் அதிர்ந்தது. காதுக்குள் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று புரண்டது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

கண்ணைத் திறந்தால் சேலை முழுக்க ஈரம். மஞ்சள் தண்ணீர் என்றார்கள். அதில் என் மூத்திரமும் கலந்திருந்தது எனக்கு மட்டும் தெரியும், வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. எதிரே மாமியார் தரையில் உட்கார்ந்து கைகூப்பிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். "தாயே, என் வீடு தேடி வந்தியா?" என்றார். கேட்டது என்னைத்தானா என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் ரசம் நன்றாக இருந்தது என்றார். அதே ரசம்தான்.

அடுத்த ஆண்டு திருவிழாவுக்குப் பட்டர்வொர்த்தில் இருந்து மாமியாரின் தங்கைகளெல்லாம் வந்து இறங்கினார்கள். மருமகளுக்குச் சாமி வருவதைப் பார்க்க வேண்டுமாம். மேளம் அடித்தது, மணி அடித்தது. நான் காத்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் வரவில்லை. கற்பூரம் அணையப் போகிறது. மாமியாரின் முகம் மெல்லச் சுருங்குவதைப் பார்த்தேன். இந்த முகம் சுருங்கினால் நாளைக்கு ரசம் மறுபடியும் தண்ணியாகும் என்று தோன்றியது. கண்ணை மூடினேன், முழங்காலை மடக்கினேன், இடுப்புப் பக்கமாகச் சரிந்தேன்.

அப்புறம் புலிவாலைப் பிடித்த கதைதான். ஒவ்வோர் ஆடிக்கும் விழ வேண்டியிருந்தது. விழுவதில் தேர்ந்துவிட்டேன். எப்படி விழுந்தால் வலிக்காது, எப்போது உடம்பை உதறுவது, எப்போது பல்லைக் கடிப்பது எல்லாம் கைவந்துவிட்டது. குறி கேட்பவர்களுக்கு அதிகம் பேச மாட்டேன். "காத்திருடா, நல்லது நடக்கும்" என்பேன். அவ்வளவு போதும், மீதியை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் கணவர் கோபமாக ஏதாவது சொன்னால் மாமியார் குறுக்கே வந்து, "சாமி வர்ற புள்ளைய ஏசாதடா, குடும்பத்துக்கு ஆகாது" என்பார். ஆடி மாதம் முழுக்க நான் அடுப்படிக்குப் போக வேண்டாம். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மாமியாருக்குப் பயந்துதான் செய்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஆசை.

நிஜமாக நான் இன்னொரு தடவையும் விழுந்திருக்கிறேன். மகள் பிறந்த சில வாரங்களில், விடியற்காலை அலாரம் அலறியபோது, எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை. தூக்கமில்லாத உடம்பு என்று எண்ணி எழுந்து, குழந்தைக்குப் பால் கொடுத்தேன். பார்க்க ஆளில்லாததால் அது சாமியும் இல்லை, ஒன்றும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்பே ஒருத்தி விழுந்திருக்கிறாள். என் அக்கா. சுங்கை பாக்காப்பில் நாங்கள் இருந்தபோது, தீபாவளிக்கு முதல்நாள் சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொல்லைப் பக்கம் கொளுத்திப்போட்ட பட்டாசு அவள் காலடியில் வெடித்தது. தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றவள், வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தாள். கோயிலில் விழுந்திருந்தால் அம்மன் என்றிருப்பார்கள். அவள் விழுந்தது கொல்லையில், விளக்கு வைக்கிற நேரத்தில், விரித்த தலையோடு. அதனால் பேய் என்றார்கள். பேயோட்டுகிறவரை அழைத்து வந்தார்கள். அவர் வேப்பங்குச்சியால் அடித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, விடச் சொல்லுங்கப்பா" என்று அவள் அப்பாவைப் பார்த்து அழுதாள். அவள் திமிறாமல் இருக்க ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்கள். நான் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, தலைப்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில், தூங்கிக்கொண்டிருந்தவளின் தலைமாட்டில் தொலைபேசி அடித்திருக்கிறது. எடுக்கக் கையை நீட்டியவள் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பழைய பேய்தான் கொண்டுபோய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அதைச் சொல்ல முடியுமா? பேய் பிடித்துச் செத்தவளின் தங்கையை யார் கட்டுவார்கள்? காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னோம். மாமியார் வீட்டில் சமீபகாலம்வரை அதைத்தான் நம்பினார்கள்.

அக்கா விழுந்தபோது பேய். நான் விழுந்தபோது அம்மன். இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் விழுந்த இடம் மட்டும்தான் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றாதபடி பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

இந்த ஆண்டு ஆடியில் மகள் என் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பதினேழு வயது, பள்ளிக் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் படிக்கிறாள். கூட்டத்துக்கு வரவே பிடிக்காது. பாட்டியின் நச்சரிப்பு தாங்காமல் வந்திருந்தாள். உறுமி ஏறிக்கொண்டிருந்தது. நான் முந்தானையை இடுப்பில் செருகித் தயாராகிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. என் முறைக்கு முன்னால் அவள் விழுந்தாள்.

"பொண்ணுக்கும் வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் குலவையிட்டது. மாமியார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "என் வம்சத்துக்கே எறங்கிட்டாம்மா!" என்று அழுதார்.

அத்தனை பேரில் எனக்கு மட்டும் கோபம் வந்தது. இவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள், எல்லார் முன்னாலும் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். தான் கள்ளன் பிறரை நம்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் விழுந்தது முகம் குப்புற. நெற்றி சிமெண்டுத் தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இத்தனை ஆண்டுகளில் நான் ஒருநாளும் முகத்தில் அடிபடுகிற மாதிரி விழுந்ததில்லை. நடிப்பவள் யாரும் அப்படி விழ மாட்டாள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும், புதுசு, அதனால் ரொம்பவும் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பெண்கள் அவளைப் புரட்டிப் போட்டு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ மாலை போட்டார்கள். நான் குனிந்து அவள் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு, அவள் கையின் உட்புறச் சதையை நகத்தால் பிடித்துத் திருகினேன். அவள் அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருகினேன். இமைகூட ஆடவில்லை. அழுத்தக்காரி, யார் பெற்ற பிள்ளை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தானாகக் கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மிரண்டுபோய் அழுதாள். அதற்கும் குலவையிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "எங்க கத்துக்கிட்ட இத?"

"எதம்மா?"

"இந்த நடிப்ப."

"நடிக்கலம்மா. மணி அடிச்சுது, அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. தல வலிக்குதும்மா."

"எங்கிட்டயேவா? நானும் அப்படித்தான் சொல்லுவேன்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். "இன்னொரு தடவ இந்தக் கூத்துக் கட்டுன, தோலை உரிச்சிருவேன்" என்று மட்டும் சொன்னேன். நெற்றி வீக்கத்துக்கு ஐஸ்கட்டி வைக்க மாமியார்தான் வந்தார்.

சில வாரங்கள் கழித்து அவள் பள்ளிக்கூடத்தில் தீயணைப்புப் பயிற்சி நடந்திருக்கிறது. அபாய மணி அவள் வகுப்பறைக் கதவுக்கு மேலேயே இருந்ததாம். மணி அலறியதும் நாற்காலியில் இருந்து சரிந்திருக்கிறாள். உதடு நீலமாகிவிட்டது, பாவாடை நனைந்துவிட்டது, கொஞ்ச நேரம் மூச்சே இல்லாத மாதிரி கிடந்தாள் என்று அவளுடைய வகுப்பாசிரியை தொலைபேசியில் மலாய் மொழியில் சொன்னார். அவர் சீனப் பெண்மணி, அவருக்கு எங்கள் அம்மனையும் தெரியாது, பேயையும் தெரியாது. அதனால் அவர் பார்த்தவுடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்போது நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலையில் இருந்தேன். அங்கே சோதனைப் பிரிவில் நான் மேற்பார்வையாளர். கணினிச் சில்லுகளைச் சூட்டில் வைத்து வாட்டி, நன்றாக ஓடுவதுபோலத் தெரிகிறவற்றில் எது திடீரென்று செத்துப்போகும் என்று கண்டுபிடித்து ஒதுக்குவது எங்கள் வேலை. வெள்ளை உடுப்பையும் முகமூடியையும் கழற்றக்கூடத் தோன்றாமல் வாசல்வரை ஓடியிருக்கிறேன். பாதுகாவலர்தான் நிறுத்திக் கழற்ற வைத்தார். போகும் வழி முழுக்க அந்த நீல உதடுதான் கண்ணில் நின்றது. உதட்டை நீலமாக நடிக்க முடியாது.

கணவரும் மாமியாரும் எனக்கு முன்பே மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். மகளின் நெஞ்சில் வயர்களை ஒட்டி இசிஜி எடுத்திருந்தார்கள். இதய மருத்துவர் ஓர் இளம் பெண், முக்காடு போட்ட தமிழ் முஸ்லிம். அந்தத் தாளை விரலால் அளந்து அளந்து பார்த்தார். பிறகு, "அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒரு இசிஜி எடுத்துரலாமா?" என்று கேட்டார். கணவருடையது நன்றாக இருந்தது. என்னுடையது மகளுடையதைப் போலவே இருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். இதயம் ஒவ்வொரு தடவை துடித்த பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். எங்கள் இரண்டு பேருக்கும் பிறவியிலேயே அந்த நேரம் கொஞ்சம் நீளம். அந்த இடைவெளியில் திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்டால், துடிப்பு தாளம் தப்பி, இதயம் வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். ரத்தம் மூளைக்குப் போகாது, ஆள் விழுந்துவிடுவார். பல தடவை அதுவாகவே சரியாகி எழுந்துகொள்வார்கள். சரியாகாவிட்டால் அங்கேயே முடிந்துவிடும்.

"இது இருக்குற எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்துன்னு இல்லக்கா" என்றார் மருத்துவர். "சில பேர் மருந்து சாப்பிட்டுக்கிட்டு வயசாகி நல்லாவே இருப்பாங்க. சில பேருக்கு எப்ப வேணாலும் ஆகலாம். யாருக்கு ரொம்ப ஆபத்துன்னு நாங்க முன்கூட்டியே கண்டுபுடிக்கணும். அதுக்கு மிஷின விட நீங்க சொல்றதுதான் முக்கியம். இதுக்கு முன்னாடி மயக்கம் போட்டு விழுந்திருக்கீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். அவரும் எங்களோடு உள்ளே வந்து, மகளின் கட்டிலருகே நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மயக்கமெல்லாம் இல்ல டாக்டர். இவளுக்குச் சாமி வரும். வருஷா வருஷம் தப்பாம வரும். மேளம் அடிச்சா போதும், விழுந்துருவா."

"வருஷா வருஷமா?" மருத்துவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எத்தன வருஷமா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து. நம்ம கோயில்ல யார வேணா கேட்டுப் பாருங்க."

மருத்துவர் எழுதிக்கொண்டே போனார். முகத்தில் கவலை தெரிந்தது. "பாப்பாவுக்கு?"

"இந்த ஆடில அவளுக்கும் சாமி வந்துச்சு. ஸ்கூல்ல விழுந்தது பசியில. காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டா லா, அதான்."

"குடும்பத்துல சின்ன வயசுல, நல்லா இருந்தவங்க யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"எங்க பக்கம் யாரும் இல்ல. இவ அக்கா ஒருத்தி காய்ச்சல்ல போனா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். இவ்வளவு தடவை விழுந்தும் நான் பிழைத்திருப்பதே அதிசயம் என்றார். நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவியை வைக்க வேண்டும், தாளம் தப்பினால் அது மின்சாரம் கொடுத்து இதயத்தைத் திருப்பிக் கொண்டுவரும், எனக்கு அதை உடனே பார்க்க வேண்டும், இன்றைக்கே என்னைப் படுக்கையில் சேர்த்துவிடலாம் என்றார். "பாப்பாவுக்குத் தெளிவா ஒரு தடவதான் ஆகியிருக்கு. மாத்திரை ஆரம்பிச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டு, கொஞ்ச நாள் கழிச்சுக் கூப்பிட்டுப் பாக்கலாம். இப்ப அவசரம் உங்களுக்குத்தான்."

வீட்டுக்கு அனுப்பிவிட்டு. அந்தச் சொல் என்னை உலுக்கியது. நான் கோயிலில் பொய்யாக விழுந்த விழுதல்களெல்லாம் சேர்ந்து என்னை முன்னால் தள்ளி, என் மகளைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தன. எனக்குப் படுக்கை, அவளுக்கு மாத்திரை. அவள் வீட்டுக்குப் போவாள், நாளைக்கு எவனாவது லோரிக்காரன் வீதியில் ஹாரன் அடிப்பான். என் அக்கா தொலைபேசிக்குக் கையை நீட்டியதுபோல இவளும் எதற்காவது கையை நீட்டுவாள்.

கணவரிடம், "கேண்டீன்ல அத்தைக்குக் குடிக்கத் தே வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டு வாங்க" என்றேன். மாமியாருக்குப் போக மனமில்லை. கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கைபிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

மகளையும் வெளியே அனுப்பிவிட நினைத்தேன். அவள் நெஞ்சில் இன்னும் வயர்கள் இருந்தன, எங்கும் போக முடியாது. அவள் முன்னாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

"நான் விழல டாக்டர்" என்றேன். "நடிச்சேன்."

மருத்துவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, "எது நெசம்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்றார். அந்தக் கனிவு திட்டைவிட வலித்தது.

மணிக்குக் கீழே முதல் தடவை விழுந்ததைச் சொன்னேன். மூத்திரம் போனதையும் சொன்னேன். அலாரத்தைச் சொன்னேன். பிறகு அக்காவைச் சொன்னேன், பட்டாசையும், வேப்பங்குச்சியையும், தலைமாட்டுத் தொலைபேசியையும். "காய்ச்சல் இல்ல டாக்டர். காய்ச்சல்னு சொல்லித்தான் என்னக் கட்டிக் கொடுத்தாங்க" என்றேன். மகள் பக்கம் திரும்பவே முடியவில்லை. அவள் பார்வை என் மேல் இருப்பது மட்டும் கன்னத்தில் சுட்டது.

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "பாப்பா கோயில்ல விழுந்தது? அது எப்படின்னு தெரியணும். கூட்டத்துல, மேளத்துல, சில பேருக்கு வேற மாதிரியும் ஆகலாம். நீங்க பக்கத்துல இருந்தீங்க இல்ல? கூப்பிட்டப்ப கேட்டுச்சா அவளுக்கு? தொட்டா, வலிச்சா, ஏதாவது தெரிஞ்சுச்சா?"

அந்தக் கேள்விக்கு அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேரில் ஒருத்திக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியல" என்றேன். "கிள்ளினேன். அசையல."

"எவ்வளவு அழுத்தி?"

"நல்லா. நகத்தால திருகினேன். ரெண்டு தடவ."

"எதுக்குக்கா?"

"என்ன மாதிரி அவளும் நடிக்கிறான்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அழுதேன். அழுததுகூட ஒருவிதத்தில் நடிப்பாகத் தெரியுமோ என்று வெட்கமாக இருந்தது. மருத்துவர் எழுந்து மகளின் கட்டிலுக்குப் போய், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, துடிப்பைக் காட்டும் மிஷினைப் பார்த்தபடி நின்றார். பிறகு "மிஸ்ஸி" என்று தாதியைக் கூப்பிட்டார். மகளுக்கு இரண்டு தடவையும் ஒரே மாதிரி, சத்தம் கேட்டு, வலிகூடத் தெரியாத அளவுக்கு நினைவு போயிருக்கிறது, பெரியம்மா இளவயதில் அப்படியே இறந்திருக்கிறார், இசிஜியில் அவளுடைய இடைவெளி என்னுடையதைவிட நீளம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். "வீட்டுக்கு வேணாம். இன்னைக்கே வார்ட்ல போடுங்க." எனக்கும் மாத்திரை உண்டு, பரிசோதனைகள் உண்டு, ஆனால் அவசரம் அவளுக்குத்தான். நெஞ்சில் கருவி வைப்பதைப் பற்றி இரண்டொரு நாளில் பெரிய மருத்துவர்களோடு பேசி முடிவு செய்வார்கள்.

தே குடித்துவிட்டு வந்த மாமியாரிடம் வெளியே நடைபாதையிலேயே சொல்லிவிட்டேன். இனிமேல் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். கணவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பேய்னு சொல்லியிருந்தா ஒன்னக் கட்டியிருக்க மாட்டோம்" என்றார் மாமியார். அது உண்மைதான். பிறகு, "அப்ப மொதத் தடவ விழுந்தியே, மணிக்குக் கீழ? அதுவும் பொய்யா?" என்று கேட்டார்.

"இல்லத்த. அது நெசம்."

"அப்ப அது அம்மன்தான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேத்திக்கு உடுப்பு எடுத்து வருகிறேன் என்று மகனோடு வீட்டுக்குப் போனார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்டில் மகளின் கட்டில் ஜன்னலோரமாக இருந்தது. மருத்துவர் சொன்னபடி அவளுடைய கைத்தொலைபேசியின் மணியை நிறுத்தி வைத்தேன். என்னுடையதையும் நிறுத்தினேன். செய்ய வேறு வேலை இல்லாததால் போர்வையைச் சரிசெய்தேன், மறுபடியும் சரிசெய்தேன். அவள் சட்டைக் கையை மேலே தள்ளி, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. எப்போதோ ஆறிவிட்டது.

"இங்க இருந்த காயம் கீழ விழுந்தப்ப பட்டதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"மன்னிச்சிரும்மா."

அவள் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள். கோபமாக இருக்கிறாளா என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மா, அன்னைக்கு நான் எந்திரிக்காமப் போயிருந்தா?"

அப்படியெல்லாம் பேசாதே, வாயைக் கழுவு என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். ஆனால் இந்தப் பெண்ணிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"ரொம்ப நேரத்துக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காதுமா" என்றேன். "மால போட்டுருப்பாங்க. கால்ல விழுந்து கும்பிட்டுருப்பாங்க. பாட்டி பக்கத்துல உக்காந்து குறி கேட்டுருப்பாங்க."

"நீ?"

"நான் இன்னொரு தடவ கிள்ளியிருப்பேன்."